தொண்ணூறு வயதுப் பிள்ளைக்கு வாசித்த கதைகள்

எங்கள் வீட்டில் புத்தகத்தைப் பிரிக்கும்போதே ஒரு கேள்வி வந்துவிடும்.

"இந்தக் கதையில அப்பா திரும்பி வராரா?"

கேட்பவர் என் மாமனார். அப்போது அவர் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததோ பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய நாவல்.

"அதை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எதுக்கு மாமா படிக்கணும்?"

"கதை கிடக்கட்டும்மா. அதை மட்டும் சொல்லு."

சொன்னால் போதும் என்பார், ஆனால் முழுக் கதையையும் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். நடுவில் ஒரு பத்தியை நான் விழுங்கினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "குளத்துக்குப் போன பொண்ணு எப்ப வீட்டுக்கு வந்துச்சு? நீ தாண்டிட்ட" என்பார்.

மாமாவுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் பேப்பரில் சின்ன எழுத்து போனது, பிறகு தலைப்புகள், பிறகு ஆள் முகம். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவரைத் தெரியாதவர் இல்லை. கோயிலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடந்தே போய் வந்த மனுசன், வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார், அவர் ஷிப்டு அவருக்கு. பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். டிவி சத்தம் மாமாவுக்குப் பிடிக்காது. "மூஞ்சி தெரியாம சத்தம் மட்டும் கேட்டா, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இருக்கு" என்றார்.

சரி, படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். எனக்கும் படிப்பு பெரிசாக ஒன்றும் கிடையாது. ஆறாம் வகுப்போடு நின்றவள். வயசு வந்ததும் சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, வேலை நடுவே வடை சுற்றி வந்த பேப்பரை எண்ணெய்க் கறையோடு விரித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து கூடி வந்தது. அங்கே என் பக்கத்து மேசை அக்கா சொல்வாள், "உனக்கு வாயும் சும்மா இருக்காது, கண்ணும் சும்மா இருக்காது." உண்மைதான். ஆனாலும் பெரியவர்கள் எழுதுகிற பெரிய புத்தகம் என்றால் எனக்கு மூச்சு வாங்கும்.

பிரிக்பீல்ட்ஸில் கடை வரிசைக்கு மேலே ஒரு சின்ன வாசகசாலை உண்டு. கீழே பூக்கடை, படியேறினால் புத்தகம். பெரிய எழுத்து, நடு நடுவே படம், சின்னச் சின்ன அத்தியாயம் என்று பிள்ளைகள் அலமாரி எனக்குத் தோதாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள், "பேரப்பிள்ளைக்கா ஆன்டி?"

"இல்லம்மா. எங்க மாமாவுக்கு. தொண்ணூறு வயசுப் பிள்ளை."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதல் சில புத்தகங்களுக்கு மாமா தூங்கிவிட்டார். பேசும் முயல், மாயக் கம்பளம் எல்லாம் அவருக்குத் தாலாட்டு. ஒருமுறை அட்டையில் ஆட்டுக்குட்டி படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். ஆடு வளர்க்கிற கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். பார்த்தால் சண்டைக் கதை. எங்கோ ஒரு மலை ஊர். குண்டு விழுகிறது. ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். ஊர் ஆம்பிளைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போகிறது.

"பொறு" என்றார் மாமா. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எதுல ஏத்திட்டுப் போறாங்க? லோரியிலயா?"

"ஆமா மாமா. லோரியிலதான்."

"ம். படி."

அன்றிலிருந்து முயலுக்கு வேலை இல்லை. "சண்டைக் கதையா பார்த்து எடுத்துட்டு வா. பிள்ளைங்க சண்டைக் கதை" என்று சொல்லி அனுப்புவார். இத்தனை சண்டைக் கதையா பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே ஆச்சரியம். வாசகசாலைப் பெண் தேடித் தேடி எடுத்து வைப்பாள். ஏதேதோ நாடு, ஏதேதோ வருசம். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெரிந்தது. பெரியவர்கள் சண்டையைப் பற்றிப் பேசினால் யார் ஜெயித்தார்கள் என்று பேசுவார்கள். இந்தக் கதைகளில் வரும் பிள்ளைகள் கேட்பதெல்லாம், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, நாயை யார் பார்த்துக்கொள்வார்கள், அப்பாவின் செருப்பு வாசலிலேயே இருக்கட்டுமா என்றுதான். அந்தச் செருப்பு வருகிற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அடுத்த வரியை எடுக்க முடியவில்லை. மாமா தன் பக்கத்திலிருந்த தண்ணிக் கோப்பையைத் தடவிப் பார்த்தார், காலி. பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் கொம்யூட்டர் ரயிலிலேயே கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். அப்பா வருகிறாரா இல்லையா என்று தெரிந்துகொண்டால், வீட்டுக்கு வருவதற்குள் முகத்தையும் குரலையும் சரிபண்ணிக்கொள்ளலாம். ஆனால் மாமாவிடம் அது செல்லாது. "இதுல வரல, இல்ல?" என்பார் நான் அட்டையைத் திறக்கும் முன்பே. "கேட்டைத் திறந்த சத்தத்துலயே தெரியுது."

மாமாவின் அப்பாவைப் பற்றிக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு வரி தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் மாமா பேசி நான் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. அந்த ஒரு வரிக்கு உள்ளே இருந்ததை ஒரு புத்தகம்தான் வெளியே எடுத்தது.

ஏதோ ஒரு கதையில் ஒரு பையன் காற்றில் பறந்த தொப்பியைப் பிடிக்க ஓடுகிறான், அந்த நேரத்தில் அவன் அண்ணன் ரயிலேறிப் போய்விடுகிறான். நான் படித்துக்கொண்டே போனேன். மாமா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எனக்குக் கோழி."

"என்ன மாமா?"

"அவனுக்குத் தொப்பி. எனக்குக் கோழிம்மா."

பிறகு சொன்னார். ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடு. காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக்கொண்டிருந்த களத்துக்கே லோரி வந்து நின்றதாம். அப்பா லயத்துக்கு ஓடிவந்து துண்டை எடுத்துக்கொண்டு, ஆறேழு வயதுப் பிள்ளையிடம், "கோழி வெளிய கிடக்கு பாரு, பிடிச்சுக் கூட்டுல போடு. அப்பா போயிட்டு சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை கோழியைத் துரத்தியது. கோழி பால்மரத்துக்கு அடியில் புகுந்து புகுந்து ஓடியது. ஒருவழியாகப் பிடித்துக் கூட்டில் போட்டுவிட்டு, சாமர்த்தியமாகப் பிடித்துவிட்டேன் என்று சொல்ல ஓடிவந்தால், களத்தில் லோரி இல்லை. பெண்கள் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"அவர் மூஞ்சி ஞாபகம் இல்லம்மா எனக்கு. அந்தக் கோழி மூஞ்சி ஞாபகம் இருக்கு" என்றார் மாமா.

நான் புத்தகத்தை மூடினேன். அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். எலும்பும் தோலுமாக, காய்ச்சலோடு, ஆனாலும் திரும்பினார்கள். அவர்களில் யாரும் மாமாவின் அப்பா செத்ததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. செத்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் சாகவில்லை என்று மாமாவின் அம்மா வைத்துக்கொண்டார். தாலியைக் கழற்றவில்லை, பூவும் பொட்டும் எடுக்கவில்லை. வருசம் போய், மாமாவுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, கடைசிப் படுக்கையில் கிடக்கும்போதும் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாராம். "உங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சிடாதடா. வந்து வாசல்ல நின்னா அவர் மூஞ்சியில எப்படி முழிப்ப?"

அந்த வாக்கை மாமா காப்பாற்றினார். வருசா வருசம் அமாவாசைக்கு அம்மாவுக்கு எள்ளும் தண்ணியும் விடுவார், அப்பாவுக்கு விடமாட்டார். உயிரோடு இருக்கிறவருக்கு விட்டால் நாமே கொன்ற மாதிரி. இல்லாதவருக்கு விடாமல் இருந்தால் அவர் தாகத்தோடு அலைகிற மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசன் ஒரு ஆயுசையே ஓட்டியிருக்கிறார். நான் அந்த வீட்டில் முப்பது வருசமாகச் சோறாக்கிக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது.

அடுத்து வந்தது படகோட்டி மகனின் கதை. ஆற்றங்கரைக் கிராமம். அப்பா படகுக்காரர். எதிர்க்கரையில் சண்டை. காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போனவர் வரவில்லை. பையன் ஒவ்வொரு மாலையும் துறைக்குப் போய் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ரயிலில் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது எனக்கே விளங்கவில்லை. பையன் விளக்கைத் தூக்கினான், தண்ணீரில் வெளிச்சம் ஆடியது. அதோடு கதை முடிந்திருந்தது.

மாமாவுக்குப் படித்துக் காட்டி முடித்தேன்.

"அப்புறம்?"

"முடிஞ்சிடுச்சு மாமா."

"பக்கம் கிழிஞ்சிருக்கா பாரு."

"கிழியல."

"பின் அட்டையில ஏதாவது போட்டிருக்கா?"

"விலைதான் போட்டிருக்கு."

மாமா புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை விரலால் தடவினார். வெளியே ரொட்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனான். பிறகு சொன்னார்: "பாவம்மா அந்தப் பையன். எழுதினவரு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. இவன் விளக்கைப் பிடிச்சிக்கிட்டு இன்னும் நிக்கிறான். கை வலிக்காது?"

இரண்டொரு நாள் அந்தப் பையனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு யாராவது சொல்லணும் என்றார். என்ன சொல்லணும் மாமா என்றால் பேச்சை மாற்றிக் கோப்பி கேட்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தானாகவே வாயைத் திறந்தார். "ஆடி அமாவாசை வருதுல்ல? அப்பாவுக்கும் எள்ளுத் தண்ணி விட்டுடுறேம்மா. அவருக்குப் பிள்ளைன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தான். நான் போயிட்டா அவர் யாரைப் போய்க் கேப்பாரு?"

"ஆத்தாவுக்கு வாக்குக் கொடுத்தீங்களே மாமா?"

"ஆத்தாகிட்ட நான் நேர்ல சொல்லிக்கிறேன். சீக்கிரம் பார்க்கத்தானே போறேன்."

ஆடி அமாவாசை அன்றைக்கு மோரிப் கடற்கரையில் கூட்டம். மாமாவை நாற்காலியோடு மணலில் உட்கார வைத்தோம். குருக்கள் சின்ன வயசுக்காரர். மாமா காதருகே குனிந்து, "அப்பா தவறின திதி தெரியுமா தாத்தா?" என்றார்.

"தெரியாது சாமி."

"பரவாயில்ல, அதுக்குத்தான் அமாவாசை. நல்லா வாழ்ந்து போனவரா?"

"இருபத்தாறு வயசு இருக்கும்."

குருக்கள் மாமாவின் தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். தோல் மட்டும் போர்த்திய கை. எள்ளை அந்தக் கையில் வைத்தார். அதுவரை மந்திரத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், மாமாவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தண்ணீர் விரல் வழியாக இறங்கியபோது மாமா சத்தமாகக் கேட்டார், "குடிச்சிருப்பாராம்மா?"

"குடிச்சிருப்பாரு மாமா."

வீட்டுக்கு வந்து படையல் போடவேண்டும். படையலுக்குப் படம் வேண்டும். அப்பாவுக்கு ஏது படம்? மாமாதான் வழி சொன்னார். பெண் பார்க்கிற காலத்தில் கிள்ளானில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த அவருடைய சொந்தப் படம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் அம்மா, "இது நீ இல்லடா, அச்சு உங்கப்பாதான்" என்று அழுது, அதைத் தன் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாராம்.

"அதை வை" என்றார் மாமா. "ஆத்தாவே சொல்லிடுச்சு."

என் வீட்டுக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. "உயிரோட இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டா வீடு விளங்குமாப்பா?"

"நான் இனிமே விளங்கிப் பரீட்சையா எழுதப் போறேன்? போடுடா."

போட்டோம். குத்துவிளக்கு ஏற்றி, இலை போட்டு, மாமா கும்பிட்டார். களைப்பில் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் பின்பக்கம் பாத்திரம் கழுவப் போனேன். முன் கதவு திறந்தபடி கிடந்தது.

எதிர்வீட்டு அக்கா கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தவர், கேட்டுக்கு வெளியிலிருந்தே கூடத்தைப் பார்த்திருக்கிறார். விளக்கு, மாலை, படம். நாற்காலி காலி. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? தாமான் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். என் போனில் ஆழ்ந்த அனுதாபங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன, என் கை சோப்பு நுரையில்.

முதலில் கோயில் கமிட்டிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்தார். பின்னாடியே இரண்டு வீடு தள்ளி இருக்கும் சீனர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். எதிர்வீட்டு அக்கா தலையை விரித்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே, "ஐயோ, நேத்துக்கூட என்னைக் குரலை வச்சே கண்டுபிடிச்சாரே!" என்று ஆரம்பித்தார். ஈரக் கையோடு நான் கூடத்துக்கு ஓடிவருவதற்குள் ஆளுக்கு ஆள் என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கோ வாய் வரவில்லை.

சத்தத்தில் மாமா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். "என்னம்மா கூட்டம்?"

எதிர்வீட்டு அக்கா போட்ட கூச்சல் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். "அம்மாடி! அப்ப மாலை யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு" என்றார் மாமா.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கமிட்டிக்காரர், "மன்னிச்சிடுங்க ஐயா, தப்பா... நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுறோம்" என்று இழுத்தார்.

"ஏன்? துக்கத்துக்குத்தானே வந்தீங்க?" மாமா தன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "துக்கம்தான். உட்காருங்க. எங்கப்பாவுக்கு யாரும் வரல இதுவரைக்கும்."

உட்கார்ந்தார்கள். என்ன கேட்பதென்று தெரியாமல், எதிர்வீட்டு அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், துக்க வீட்டில் எப்போதும் கேட்கிற கேள்வியை. "எப்படி மாமா ஆச்சு?"

மாமா சொன்னார். லோரி, துண்டு, கோழி, எல்லாம். கோழி பால்மரத்துக்கு அடியில் புகுந்து ஓடியதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கமிட்டிக்காரர், "எங்க பெரிய தாத்தாவும் சயாமுக்குத்தான் போனாராம்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் ஒரு வரிகூடத் தெரியவில்லை. "அவருக்கும் சேர்த்து உட்காருங்க" என்றார் மாமா. நான் கோப்பி கலக்க உள்ளே போனேன். அடுப்படியில் நின்று அழுதேன். எதற்கு என்று கேட்டால், இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனுக்காகத்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். "கவனிச்சியாம்மா? ஒருத்தர்கூடப் போயிட்டு வரேன்னு சொல்லல."

துக்க வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. சத்தம் போடாமல் எழுந்துதான் போகவேண்டும். சரியாகத்தான் போயிருந்தார்கள்.

"ஆமா மாமா."

"அவ்வளவு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அவர் செத்துட்டாரு" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், அந்த உடம்போடு, ஆறு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் கதை படித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. படகோட்டி மகனின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது மட்டும், "அந்தப் பையனை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டுக் கொடு" என்றார். கொம்யூட்டரில் யாரும் பார்க்காதபோது கடைசிப் பக்கத்தைத் திறந்து, போப்பா, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினேன்.

தைப்பூசத்துக்குச் சற்று முன்னால் மாமா போனார். நாற்காலிகளோடு அதே கமிட்டிக்காரர் வந்தார். வாசலில் நின்று, "இந்தத் தடவை..." என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

படம் வைக்கும்போது என் வீட்டுக்காரர் அந்த ஸ்டுடியோப் படத்தை எடுக்கக் கையை நீட்டிவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டார். அது இப்போது அவர் தாத்தா. மாமாவுக்கு வேறு படம் தேடினோம். கடைசி தீபாவளிக்குப் போனில் எடுத்தது, தடிக் கண்ணாடியும் பொக்கை வாயுமாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஐயோ, பெரியவரோட மகனும் போயிட்டாரா? இந்தச் சின்ன வயசுலயா?" என்கிறார்கள்.

"இல்லைங்க. இது அப்பா. அந்தத் தாத்தாதான் பிள்ளை" என்று ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.